தானாக விழும் தகடு

என் அண்ணன் செங்கோட்டையனுக்கு ஊரில் எலும்புக்காரன் என்றுதான் பேர். பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி படித்தவர். வடகரப்பதியில் அன்றைக்கு அப்படிப் படித்தவர்களை ஒரு கை விரல் விட்டு எண்ணிவிடலாம். படித்து என்ன, அவர் போய்ச் சேர்ந்த இடம் வாளையாருக்குப் போகிற வழியில் இருந்த ஒரு எலும்பு மில். மாட்டெலும்பு லாரி லாரியாக வந்து இறங்கும். அதை நொறுக்கி, ஆசிட்டில் போட்டு, சுண்ணாம்புத் தண்ணீரில் வாரக்கணக்காக ஊறவைத்து, பிறகு காய்ச்சி ஜெலட்டின் எடுப்பார்கள். மட்டமானது வச்சிரப் பசையாகத் தச்சு வேலைக்காரர்களுக்குப் போகும். நல்லது மருந்து மாத்திரைக்குக் கூடு செய்ய எங்கோ வடக்கே போகும். அண்ணன் அங்கே கெமிஸ்ட். பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். எந்தத் தொட்டி எத்தனை நாள் ஊறியிருக்கிறது என்று பார்த்து எழுதுகிற வேலை.

சாயங்காலம் சைக்கிளில் வருவார். அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். கிணற்றடியில் குளித்து, போட்டிருந்த துணியை வேலிமேல் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அவருக்குத் தட்டு தனி, சொம்பு தனி. பெண் கேட்டுப் போன இரண்டு வீட்டிலும், பையன் தங்கமான பையன்தான், ஆனால் அந்த வேலை இருக்கிறதே என்று இழுத்தார்கள். அண்ணன் எதற்கும் கோபப்பட்டதில்லை. அவர் பட வேண்டிய கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டேன். நான் அவருக்கு இளையவன், காளிச்சாமி. எட்டாவதோடு நின்றுவிட்டுக் காடு தோட்டம் பார்த்தவன். அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரே தங்கச்சி, மருதாத்தாள். அண்ணனுக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அந்த வீட்டில் அண்ணன் பக்கத்தில் மூக்கைப் பிடிக்காமல் உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான்.

எழுபத்தொன்றாம் வருடம் என்று நினைக்கிறேன், அண்ணன் மில்லிலிருந்து ஜெலட்டின் துண்டுகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். தோட்டத்து வீடான சாளையில் பருத்தி போட்டு வைக்கிற அறையை ஒழித்து எடுத்துக்கொண்டார். பழைய ஜன்னல் கண்ணாடிகளுக்கு விளக்கெண்ணெய் தடவி, காய்ச்சிய ஜெலட்டினைக் கிளிசரின் கலந்து தோசை மாதிரி ஊற்றுவார். ஊற்றிய பிறகு, மேல் பக்கத்தில் மட்டும் கடுக்காய்க் கஷாயத்தைப் பூசுவார். கடுக்காய் தோலைப் பதப்படுத்துகிற சரக்கு என்பது எனக்கே தெரியும். இதில் எதற்கு என்று புரியவில்லை. கண்ணாடியைச் சாளை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு மில்லுக்குப் போய்விடுவார். எங்கள் ஊரில் காற்றுக்கா பஞ்சம்? ஐப்பசி தாண்டினால் கிழக்கேயிருந்து, வைகாசி பிறந்தால் மேற்கேயிருந்து, கணவாய் வழியாக வருடம் பூராவும் வீசும். துவைத்த துணி உதறிப் போடுவதற்குள் காய்ந்துவிடும். மறுநாள் பார்த்தால் கண்ணாடியிலிருந்து உரித்தெடுக்கலாம் போல ஒரு தகடு நிற்கும். மெல்லிசாக, கடுங்காப்பி நிறத்தில்.

"இதென்னுங்ணா, மந்திரிச்ச தகடா?" என்று நான் கேலி செய்தேன்.

"கயிறுடா காளி இது. கண்ணுக்குத் தெரியாத கயிறு. எலும்புக்குள்ள, தோலுக்குள்ள, உன்ற ஒடம்பு பூராவுமே இந்தக் கயிறுதான். புரோட்டீன்னு பேரு. கட்டலுக்குக் கயிறு பின்னறாப்பல நான் இதுல எங்கெங்க முடிச்சுப் போடறதுன்னு பாக்கறேன். கடுக்காய்தான் முடிச்சு. முடிச்சு அதிகமாப் போச்சுன்னா தண்ணியே குடிக்காது. கம்மியாப் போச்சுன்னா கரைஞ்சு ஓடிரும். நடுவால ஒரு எடம் இருக்குது. அங்க நிறுத்திட்டா, ஈரம் இருந்தாக் குடிக்கும், இல்லீன்னா உட்ரும்."

"குடிச்சு உட்டு என்ன லாபம்?"

"புண்ணு மேல வெச்சா, புண்ணு எப்பிடி இருக்குதோ அதுக்குத் தக்கன நடந்துக்கும். நீர் வடிஞ்சா ஊதும். நீர் நின்னாச் சுருங்கும். நல்லா ஆறிப் போச்சுன்னா தானா உழுந்துரும். யாரும் பிச்செடுக்க வேண்டியதில்ல."

நான் சிரித்தேன். மருதாத்தாள் சிரிக்கவில்லை. ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கை வேர்வை பட்டதும் அந்தத் துண்டு மெல்ல வளைந்து, விளிம்பைத் தூக்கி, விரல் பக்கமாக நகர்ந்தது. அவளுக்கு அப்போது பதினேழு வயது. "அண்ணா, இதுக்கு உசுரு இருக்குதுங்ணா!" என்று கத்தினாள். அண்ணன் முகத்தில் அன்றைக்குப் பார்த்த சந்தோஷத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு கண்ணாடி கழுவுவது, எண்ணெய் தடவுவது, கடுக்காய் இடிப்பது எல்லாம் அவள் வேலையாகிவிட்டது. அம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பொங்கியண்ணன் எங்கள் பக்கத்துக்காரர்தான். ஆனால் அவர்கள் குடும்பம் உடும்பஞ்சோலையில் ஏலக்காய்க் காடு வாங்கி மலையேறிவிட்டது. போகும்போது அவள் மற்ற சீர்வரிசைகளோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடும் வாங்கிக்கொண்டு போனாள். கையில் வைத்து விளையாடுவதற்கு என்றாள்.

அண்ணன் விடாமல் செய்துகொண்டே இருந்தார். ஒரு நோட்டில் ஒவ்வொரு சோதனையாக எழுதுவார். ஜெலட்டின் எவ்வளவு, கிளிசரின் எவ்வளவு, கடுக்காய் எவ்வளவு, எத்தனை நாளில் என்ன ஆனது. மெட்ராஸில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு மூன்று கடிதம் போட்டார். பதில் வரவில்லை. மில் மேனேஜரிடம் காட்டியதற்கு, பசை வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

எழுபத்துமூன்று மாசியில் எனக்கு ஒரு காரியம் நடந்தது. தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது ஆயில் எஞ்சினின் புகைக்குழாயில் வலது கால் பட்டுவிட்டது. கெண்டைக்காலில் ஒரு வெற்றிலை அகலத்துக்குத் தோல் வெந்து உரிந்தது. வலி என்றால் அப்படியொரு வலி. அண்ணன் கெஞ்சுகிற மாதிரி வந்து நின்றார். "காளி, ஒரே ஒருக்கா பாக்கட்டுமாடா?" என்றார். அம்மா மாட்டெலும்பையா பிள்ளை காலில் ஒட்டுவது என்று ஆடித் தீர்த்துவிட்டாள். ஊரில் எல்லோரும் சிரிக்கிற அண்ணனை நானும் தள்ளிவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள் என்றுதான் காலை நீட்டினேன். முப்பத்தெட்டாவது சோதனை என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

வைத்த அரைமணி நேரத்தில் எரிச்சல் அடங்கிவிட்டது. மேலே துணி சுற்றக்கூடாது என்றார். ஏன் என்று கேட்டேன், சுற்றினால் துணியோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். அதற்கு மேல் அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் தகடு வெளுத்து ஊதியது. பயந்துபோய் கூப்பிட்டேன். ஓடி வந்து பார்த்துவிட்டு, "நல்லதுடா, நல்லது. புண்ணு நீரைக் குடிக்குது. ஊதுனா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். சொன்னபடியே நாலாம் நாள் ஊதல் வடிந்தது. பதினோராம் நாள் பருத்திக்காட்டில் நின்றுகொண்டிருந்தேன். தகடு விளிம்பு சுருண்டு, சருகு மாதிரி தானாகக் கீழே விழுந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். நான் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மில் வரைக்கும் சைக்கிளில் போய் அவரிடம் காலைக் காட்டினேன். எலும்புக் குவியலுக்கு நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்து என் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அழுதார். நான் என்ன செய்வது என்று தெரியாமல், நேரமாச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று சொல்லி வந்துவிட்டேன்.

அன்றைக்கு அந்தக் கால் ஆறாமல் அழுகியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு நான் நினைக்காத நாள் இல்லை.

எழுபத்துநான்கு ஆவணியில் பொங்கியண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் தகரக் குழாய் வழியாக அடுப்புச் சூடு ஓடும். மருதாத்தாள் உள்ளே காயைக் கிளறிவிடப் போனவள் கால் வழுக்கிக் குழாய்மேல் விழுந்துவிட்டாள். வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்துவிட்டது. பக்கத்து எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பௌண்டர் வந்து மருந்து போட்டுத் துணி கட்டுகிறார், துணி புண்ணோடு ஒட்டிக்கொள்கிறது, பிரிக்கும்போதெல்லாம் உயிர் போகிற மாதிரி கத்துகிறாள் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி, அண்ணன் தகடு கொண்டு வருவாரா என்று கேட்கிறாள்.

அண்ணன் மூன்று நாள் லீவு வாங்கினார். நாற்பத்தொன்றாவது சோதனையில் வந்த தகடுகளை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கினார். இரண்டு பேரும் கோயமுத்தூர் போய், பழனி, போடி என்று பஸ் மாறி, மெட்டு மலைப்பாதையில் ஏறிப் போனோம். மெட்டுக்கு மேலே பாதை தெரியவில்லை. ஒரே மஞ்சு. பத்தடிக்கு முன்னால் போகிற ஆள் தெரியாது. மழை என்று சொல்லவும் முடியாது, சட்டை மட்டும் நனைந்துகொண்டே இருந்தது.

மருதாத்தாளை ஸ்டோரை ஒட்டிய அறையில் படுக்க வைத்திருந்தார்கள். குளிருக்கு அதுதான் இதமாக இருக்கும் என்று. எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். "வந்துட்டீங்களாங்ணா? இனி செரியாப் போயிரும்" என்றாள். என்னிடம், "சின்னண்ணா, காலைக் காட்டுங்க" என்றாள்.

கம்பௌண்டர் மரியஜோசப் அங்கே இருந்தார். ராஜபாளையத்துப் பக்கம் சொந்த ஊர், வயது ஐம்பது இருக்கும். டின்னைத் திறந்து மோந்து பார்த்தார். "சார், நான் குறை சொல்லல. நீங்க படிச்சவுக. ஆனா இங்கன பூராம் மஞ்சும் சாரலுமாக் கிடக்கு. போட்ட துணியே மூணு நாளா காயல. இதெல்லாம் இங்க தாங்குமா?" என்றார்.

அந்த வார்த்தையை அன்றைக்கு யாராவது பிடித்துக்கொண்டிருக்கலாம். அண்ணன் புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்குக் கோபம் வந்தது. இங்கேயும் ஒருத்தன் எங்கள் அண்ணனைச் சந்தேகப்படுகிறானே என்று வேட்டியைத் தூக்கி, கெண்டைக்காலை அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். "பாத்துக்கங்க! இது தாங்குச்சுங்க!" என்றேன். மரியஜோசப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தார். "நல்லாத்தான் ஆறியிருக்கு" என்று ஒதுங்கிக்கொண்டார்.

அண்ணன் துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து நனைத்து எடுத்துவிட்டு, தகட்டை வைத்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மூன்று தகடு. கொஞ்ச நேரத்தில் மருதாத்தாள் கண்ணை மூடித் தூங்கிவிட்டாள். ஆறு நாளாக அவள் தூங்கவில்லை என்று பொங்கியண்ணன் சொன்னார். அது வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தகடு நன்றாகவே இருந்தது. ஓரத்தில் லேசாக ஊதி, மேல் பக்கம் விறைப்பாக, நோட்டில் எழுதியிருக்கிறபடியே இருந்தது. பக்கத்தில் ஸ்டோர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பது எங்களுக்கு ஞாபகமே இல்லை.

கிளம்பும்போது அண்ணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "அம்மிணி, யார் சொன்னாலும் இதுல கை வெக்காதே. ஆறுனதும் தானா உழுகும். மாத்தறதுக்கு டின்னுல இன்னும் ரெண்டு இருக்குது, அது நான் வந்து பாத்துக்கறேன்."

"நான் தொடவே மாட்டனுங்ணா. தானா உழுகட்டுமுங்க" என்றாள்.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துத் திங்கட்கிழமை பொங்கியண்ணன் கடிதம் வந்தது. வியாழக்கிழமை எழுதியது. தகடு வெள்ளையாக ஊதி வருகிறது, கொழகொழவென்று இருக்கிறது, கம்பௌண்டர் எடுத்துவிடலாம் என்கிறார், மருதாத்தாள் அண்ணனைக் கேட்காமல் தொடக்கூடாது என்கிறாள், என்ன செய்ய. இவ்வளவுதான். நாங்கள் கிளம்பி வந்த மறுநாளே மழையில் காய் பறிப்பு நின்று ஸ்டோர் அடுப்பை அணைத்துவிட்டார்கள். அதை அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயம் என்று யாருக்குத் தோன்றும்?

நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். அண்ணன் படித்துவிட்டுச் சிரித்தார். "ஊதுதா? ஊதட்டும். உன்ற காலும் அப்பிடித்தானே ஊதுச்சு? பெரிய புண்ணு, ரெண்டு மூணு நாள் சேத்தி ஆகும். எடுக்க வேண்டாம்னு உடனே தந்தி குடுத்துரு" என்றார். அவர் குரலில் ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தால்கூட நான் யோசித்திருப்பேன். இல்லை. நாற்பத்தொரு தடவை பார்த்த மனிதர்.

கொழிஞ்சாம்பாறை தபாலாபீஸில் நான்தான் தந்தி கொடுத்தேன். போஸ்ட் மாஸ்டர் இங்கிலீஷில் எழுதினார். எடுக்க வேண்டாம், ஊதுவது நல்லது, தானாக விழும். எழுதி முடித்த பிறகு நான் இன்னொன்றும் சேர்க்கச் சொன்னேன். காளிச்சாமி கால் ஞாபகம். போஸ்ட் மாஸ்டர் புரியாமல் என்னைப் பார்த்தார். எழுதுங்க, என்ற தங்கச்சிக்குப் புரியும் என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சாயங்காலம் அங்கேயிருந்து தந்தி வந்தது. உடனே வரவும் என்று இருந்தது. நாங்கள் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. போடி ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மெட்டில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. அரை நாள் ஜீப்பிலேயே கிடந்து, அங்கேயே உயிர் போய்விட்டது. இருபது வயது.

என்ன நடந்தது என்று மரியஜோசப்தான் சொன்னார். அவர் எங்களைப் பார்க்காமல், ஸ்டோர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"புதன்கெழமை தந்தி வந்துச்சு. இங்கிலீசுல இருந்ததால என்னயத்தான் வாசிக்கச் சொன்னாக. எடுக்கணும்னு சொன்ன நானே, எடுக்க வேண்டாம்னு வாசிச்சேன். கடைசியில காலு ஞாபகம்னு இருந்துச்சு. அதக் கேட்டதும் அந்தப் புள்ள சிரிச்சுச்சு. பாத்தீகளாண்ணே, சின்னண்ணன் சொல்லுதாகன்னுச்சு. வியாழக்கெழமை காய்ச்சல். தகட்டுக்கு மேல பூராம் பூசணம். வாடை தாங்கல. கையப் புடிச்சு எடுக்கப் போனேன். இடது கையால என் கையத் தட்டி விட்டுருச்சு. எங்கண்ணன் பண்ணுனது, தானா விழும், நீங்க தொடாதீங்கன்னுச்சு. சனிக்கெழமை நெனவு தப்புன பெறகுதான் எடுத்தேன். உள்ள சீழு போக வழியே இல்ல. அது வெளிய இருந்த ஈரத்தையில்ல குடிச்சுருக்கு. குடிச்சுக் குடிச்சு அதுவே அழுகிருச்சு."

அண்ணன் கேட்க வேண்டியதையும் நான் கேட்டேன். "நெனவு இருக்கறப்பவே நாலு பேரு புடிச்சு எடுத்திருக்கக் கூடாதுங்களா?" என்று கத்தினேன். மரியஜோசப் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க காலக் காட்டுனீகளே" என்றார்.

கருமாதி முடிந்து பொங்கியண்ணன் எங்கள் ஊருக்கு வந்தார். அந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தார். "உங்குளுது ஒண்ணு இருந்துச்சுங்க மச்சான். வெச்சிருக்க மனசு வல்ல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். சாதாரணமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

டின்னுக்குள் உபயோகிக்காத இரண்டு தகடும் இருந்தன. யார் உடம்பிலும் படாதவை. இரண்டும் வெளுத்து, கால் அங்குலத்துக்கு ஊதி, ஓரத்தில் பச்சைப் பூசணத்தோடு, பிடித்தால் வழுக்கின. அண்ணன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். புண் இல்லாமலே ஊதியிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். இரண்டையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சாளை வாசல் பலகையில் இரண்டையும் ஒட்டினார். வேறொன்றும் செய்யவில்லை. எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மேற்கே இருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. எப்போதும் போல. அண்ணன் சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. மத்தியானத்துக்குள் வெளுப்பு போய்த் தகடு கடுங்காப்பி நிறத்துக்கு வந்தது. மேல் பக்கம் விறைத்தது. பொழுது சாய்கிற நேரத்தில் விளிம்பு சுருள ஆரம்பித்தது. முதலில் ஒன்று விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. யாரும் தொடவில்லை. தானாக விழுந்தன.

"காத்துடா காளி" என்றார். எனக்குப் புரியவில்லை.

"கீழ் பக்கம் குடிக்கற தண்ணியை மேல் பக்கத்துல இருந்து காத்துதான் எடுத்துட்டுப் போயிருக்குது. பாதி வேலையக் காத்துதான் செஞ்சிருக்குது. ஜெலட்டின் எழுதுனன், கடுக்காய் எழுதுனன், நாள் கணக்கு எழுதுனன். காத்தை நான் எழுதவே இல்லடா. பொறந்ததுல இருந்து அடிச்சிட்டே இருக்குது, அதையெங்க எழுதறதுன்னு..." மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டார். முப்பது வயது தாண்டிய மனிதர் அப்படிக் கிடந்ததை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கி உட்கார வைக்கக்கூடக் கை வரவில்லை.

நோட்டை அவர் எரிக்கவில்லை. எரித்திருந்தால் தேவலை. சாளையில் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். நாற்பத்திரண்டு என்று ஒரு பக்கத்தில் எண் மட்டும் போட்டிருக்கிறது. அந்தப் பக்கம் காலி. மெட்ராஸுக்கு மறுபடி கடிதம் போடவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரைக்கும் அவரோடு பேசவில்லை. தனித்தட்டை எடுத்து வைப்பதையும் நிறுத்திவிட்டாள். அவரே எடுத்துப் போட்டுக்கொள்வார். எழுபத்தேழில் அம்மாவும் போய்விட்டாள்.

ஐந்து வருடமாகிறது. இப்போதும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போகிறார். தொட்டி எத்தனை நாள் ஊறியிருக்கிறது என்று பார்த்து எழுதுகிறார். எங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் மூடியே இருக்கின்றன. காற்றுச் சத்தம் கேட்டால் அவர் சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறார். இந்த ஊரில் காற்றுச் சத்தம் கேட்காத இடம் எங்கே இருக்கிறது?

நான் வேட்டியைத் தழையத் தழையக் கட்டுகிறேன், காட்டு வேலைக்குக்கூட மடித்துக் கட்டுவதில்லை. ஆனால் வருடத்தில் ஒரு நாள், ஆவணியில் அவள் போன தேதியில், அண்ணன் குளித்துவிட்டு வந்து என் முன்னால் உட்காருவார். "காலைக் காட்டு காளி" என்பார். முதல் வருடம் மாட்டேன் என்று சத்தம் போட்டேன். இப்போது போடுவதில்லை. வேட்டியை விலக்கிக் காலை நீட்டுகிறேன். விரலால் தழும்பைச் சுற்றித் தடவிப் பார்க்கிறார். மேடு பள்ளம் இல்லை, சுருக்கம் இல்லை, உற்றுப் பார்த்தால்தான் தழும்பு என்றே தெரியும்.

"நல்லாத்தான் ஆறியிருக்குது" என்கிறார். பிறகு எழுந்து வேலைக்குப் போகிறார்.